கோடை விடுமுறையும் பிள்ளைகள் கையில் நூலும்

(கோடை விடுமுறைக்கு முன்னர் அபிராமத்தில் பெற்றோரும் ஆசிரியரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்னும் சில நாள்களில் ஆண்டுத் தேர்வு முடிகின்றது. பள்ளிக் கதவு அடைபடும்; கத்தரி வெயில் தொடங்கும். நம் பக்கத்து வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கண்மாயில் நீர் இராது. சீமைக்கருவேலங் காட்டில் ஒதுங்க நிழல் இராது. காலை பத்து மணிக்குமேல் மாலை நான்கு மணிவரை பிள்ளைகள் வீட்டிற்குள்ளோ வேப்பமரத்தடியிலோதான் அடைந்து கிடக்க வேண்டும். அந்த ஆறு மணி நேரத்தைக் கைப்பேசிக்குக் கொடுப்பதா, நூலுக்குக் கொடுப்பதா என்பதே இன்றைய பேச்சு. நான்காம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்புவரை படிக்கும் பிள்ளைகட்குக் கோடையில் எந்தெந்த நூல்களைக் கொடுக்கலாம் என ஒரு பட்டியல் வேண்டுமென்று இக்கூட்டத்தைக் கூட்டியவர்கள் கேட்டார்கள். எழுதிக் கொண்டுவந்திருக்கின்றேன். ஆனால் அதைப் பிரிக்குமுன் நான் செய்த பிழை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதை மறைத்துப் பட்டியலை மட்டும் நீட்டினால் உங்களை ஏமாற்றியவன் ஆவேன்.

ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகட்கு முன்னர் இம்மாவட்டத்தின் வேறோர் ஊரில் பணியாற்றினேன். இளமை முறுக்கு ஒருபுறம். தனித்தமிழ் உணர்வு தலைக்கேறியிருந்த பருவம் ஒருபுறம். ஏழாம் வகுப்பில் ஒரு பையன், நான் புணர்ச்சி இலக்கணம் நடத்திக்கொண்டிருக்கும்போது பாட நூலுக்குள் ஒரு படக்கதையை ஒளித்துப் படித்துக்கொண்டிருந்தான். துப்பறிவான் ஒருவன் கொள்ளைக் கூட்டத்தைத் துரத்திச் செல்லும் கதை. பக்கத்திற்குப் பத்துப் பிறமொழிச் சொற்கள். பிடுங்கினேன், நிலைப்பேழையில் வைத்துப் பூட்டினேன். விடுமுறை தொடங்கிய நாளில் அவனை அழைத்து, அறவுரைக் கட்டுரைகள் அடங்கிய நூலொன்றைக் கொடுத்து, "கோடையில் இதைப் படித்து வா" என்றேன். தூய தமிழ், மருந்துக்கும் ஓர் அயற்சொல் கிடையாது. பள்ளி திறந்ததும் பணிவாகத் திருப்பித் தந்தான். "படித்தாயா?" என்றேன். "படித்தேன் ஐயா" என்றான். அவன் போனபின் திறந்து பார்த்தேன். அச்சகத்தில் மடித்துத் தைத்த தாள்களிற் சில, ஓரம் வெட்டப்படாமல் ஒட்டியவாறே இருந்தன. பதினாறாம் பக்கத்திற்கு அப்பால் அந்நூலுக்குள் காற்றுக்கூடப் புகவில்லை. பொய் சொன்னானே என்று அன்று அவன்மேல் சினந்தேன். என்மேல் சினம் வரப் பல ஆண்டுகள் ஆயின.

சில ஆண்டுகட்கு முன் பார்த்திபனூரில் பேருந்துக்காக நின்றபோது ஒருவர் வந்து வணங்கினார். அதே பையன், இப்போது தலை நரைக்கத் தொடங்கிய ஆள். வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பியவர். "ஐயா, அந்தப் படக்கதையிலே கொள்ளைக்காரன் பிடிபட்டானா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நானும் சிரித்துவைத்தேன். பிறகு அவரே சொன்னார்: "அதுக்கப்புறம் பாடப் புத்தகம் தவிரத் தமிழிலே எதையும் நான் தொட்டதில்லை ஐயா." அருகே அவர் மகள் நின்றாள், ஆங்கிலவழிப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. எதிரே வந்து நின்ற பேருந்தின் பெயர்ப்பலகையை என் பொருட்டுப் படித்துக் காட்டச் சொன்னார். க, மு என்று அக்குழந்தை எழுத்துக்கூட்டி முடிக்குமுன் கமுதிப் பேருந்து போய்விட்டது.

ஒரு படக்கதையைப் பிடுங்கியதனால் ஒரு குடும்பமே தமிழ்ப் படிப்பை விட்டது என்று நான் சொல்லவரவில்லை. அதற்கு வேறு பல கரணியங்கள் உள. ஆனால் அப்பையன் எவர் ஏவலும் இன்றித் தானே விரும்பித் தமிழெழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்த இடம் அந்த ஒன்றுதான். அதை அடைத்தவன் தமிழாசிரியனாகிய நான்.

இதில் இழப்பு எவ்வளவு பெரிது என்பதைப் பெற்றோர் உணர வேண்டும். மூன்றாம் வகுப்புவரை பிள்ளை எழுத்தைக் கற்கின்றது. நான்கிலிருந்து எழுத்தைக் கொண்டு உலகத்தைக் கற்கத் தொடங்குகின்றது. ஒன்பதாம் வகுப்பிற்குப் போய்விட்டால் தேர்வும் மதிப்பெண்ணும் அதை விழுங்கிவிடும். ஆகவே படிப்பு ஒரு பழக்கமாக, ஓர் ஆசையாக, வயிற்றுப் பசிபோல் ஒரு பசியாக ஊன்றுவதற்கு இடையிலுள்ள இந்த நாலைந்து ஆண்டுகளே உள்ளன. நாலைந்து கோடைகள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். மேடைதோறும் தமிழ் வாழ்க என்று நாம் முழங்கலாம். பத்து அகவைப் பிள்ளை தமிழில் ஒரு கதையை முடிவுவரை படிக்காத வீட்டில் அம்முழக்கம் எங்கே போய்த் தங்கும்?

நம் இராமநாதபுரச் சீமையில் பிறந்த பாண்டித்துரைத் தேவர், 1901-இல் மதுரையில் தமிழ்ச்சங்கம் கண்ட பெருமகனார், ஒரு வெள்ளையர் திருக்குறளை எதுகை மோனைக்கேற்பத் "திருத்தி" அச்சிட்டதைக் கண்டு பொறாமல், அதன் படிகள் அத்தனையையும் விலைக்கு வாங்கி அழித்தார் என்று வழிவழியாகச் சொல்லப்படுகின்றது. கேட்குந்தோறும் உள்ளம் சிலிர்க்கும் செய்தி. இளமையில் நான் அதைத்தான் செய்வதாக நினைத்துக்கொண்டேன் போலும்! ஆனால் கீழான நூலை விலைக்கு வாங்கி அழிக்கும் காலம் போய்விட்டது. இன்று அது கைப்பேசியின் வழியே ஓய்வின்றி வந்துகொண்டே இருக்கின்றது. எத்தனை படிகளை வாங்கி எந்தக் குழியில் புதைப்பது? நல்ல நூலைப் பிள்ளையின் கைக்கெட்டும் தொலைவில் வைப்பது ஒன்றே நமக்கு எஞ்சியுள்ள வழி. அதுவும் பிள்ளைக்கு நல்லதாகத் தோன்றும் நூலாக இருக்க வேண்டும். நமக்கு நல்லதாகத் தோன்றினால் மட்டும் போதாது.

"பேய்க்கதையும் பேசும் விலங்கும் பிள்ளைகளைக் கெடுத்துவிடாவா புலவரே?" என்று கேட்கும் அன்பர்கள் நம் இயக்கத்திலேயே உளர். அவர்கட்குத் தொல்காப்பியத்தைக் காட்டுகின்றேன். செய்யுளியலில் உரைநடையின் வகைகளைச் சொல்லவந்த ஆசிரியர், நடவாதவற்றைப் புனைந்து கூறும் பொய்ம்மொழியையும், சிரிப்பூட்டும் நகைமொழியையும் விலக்காமல் அவ்வகைகளுள் வைத்தே எண்ணுகின்றார். அங்கே உரையெழுதிய பேராசிரியர், யானையும் குருவியும் நட்புக்கொண்டு இன்ன இன்ன செய்தன என்பதுபோன்ற கதைகளை எடுத்துக்காட்டாகக் கூறுகின்றார். விடுகதைக்கும் "பிசி" என்று பெயரிட்டு ஓர் இருக்கை கொடுத்தவர் தொல்காப்பியர். அவர் இடங்கொடுத்த யானையையும் குருவியையும் வெளியே தள்ள நாம் யார்?

நான் சிறுவனாக இருந்தபோது படித்தது அம்புலிமாமா. 1947-இல் தொடங்கிப் பல்லாண்டுகள் வந்து, பின்னர் நின்றுபோன இதழ். அதில் வடசொற்கள் நெல்லிற் பதர்போல் கலந்து கிடக்கும். வேதாளமும் விக்கிரமாதித்தனும் வாராத திங்கள் கிடையாது. முடிதிருத்தும் கடையின் விசுப்பலகையில் அமர்ந்து, என் முறை வந்தபின்னும் எழுந்திருக்காமல் அதைப் படித்து ஏச்சு வாங்கியிருக்கின்றேன். அதைப் படித்த நான் வேதாளம் ஆகிவிடவில்லை. தமிழ்ப் புலவன்தான் ஆனேன். பாவாணரையும் பெருஞ்சித்திரனாரையும் பின்னாளில் விடாமல் படிக்க முடிந்ததென்றால், பக்கம் பக்கமாகப் படிக்கும் உரம் முன்னமே கண்ணுக்கு ஏறியிருந்தமைதான் அதற்கு அடிப்படை.

அப்படியானால் தூய தமிழ் வேண்டா என்கின்றாயா என்று கேட்பீர்கள். வேண்டும். கட்டாயம் வேண்டும். ஆனால் இந்த அகவையில் எதைப் பார்க்க வேண்டும் என்பதில் நான் கண்டுகொண்டது வேறு. சொல்லைக் காட்டிலும் சொற்றொடரைப் பாருங்கள். பத்து அகவைப் பிள்ளை ஓர் அயற்சொல்லைக் கற்றால் பின்னர் அதற்கு ஈடான தமிழ்ச்சொல்லைக் கற்று மாற்றிக்கொள்ளும், நான் மாற்றிக்கொண்டேன். கோணலான சொற்றொடர் அமைப்பைக் கற்றுவிட்டாலோ அதை மாற்றுவது அரிது. இன்று மொழிபெயர்ப்பாக வரும் பிள்ளைநூல்கள் சிலவற்றைக் கையிலெடுத்தால், "தன் அம்மாவால் கேட்கப்பட்டபோது அவன் தன் கைகளைத் தன் பைகளில் கொண்டிருந்தான்" என்னும் போக்கில் போகின்றன. இதில் அயற்சொல் ஒன்றேனும் உண்டா? இல்லை. தமிழ் உண்டா? அதுவும் இல்லை. "அம்மா கேட்டபோது அவன் சட்டைப்பையில் கையை விட்டுக்கொண்டு நின்றான்" என்று எழுதத் தெரியாதவர் பிள்ளைகட்கு எழுதக் கூடாது. எனவே நூல் வாங்கும்போது அட்டையைப் பார்த்து வாங்காதீர்கள். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து வாய்விட்டுப் படியுங்கள். நம் ஊர்ப் பெரியவர் ஒருவர் திண்ணையில் அமர்ந்து சொல்வதுபோல் உங்கள் காதில் விழுந்தால் வாங்குங்கள்.

பிறகு பிள்ளையை அதே பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல் வருந்தோறும் ஒரு விரலை மடக்கச் சொல்லுங்கள். பக்கம் முடியுமுன் ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்நூல் அடுத்த கோடைக்கு ஆகட்டும். ஒரு விரலும் மடங்கவில்லையென்றால் மிக எளிது. ஆயினும் பிள்ளை விரும்பினால் தடுக்காதீர்கள். எளிய நூலைப் படிப்பது சோம்பல் அன்று. ஓடத் தெரிந்தவனும் நடக்கின்றான் அல்லனோ?

இவ்விடத்தில் கடல்கடந்த நாட்டுச் செய்தி ஒன்றையும் சொல்லிவிடுகின்றேன். அமெரிக்க நாட்டின் புளோரிடா மாநிலத்தில் வறிய பிள்ளைகள் மிகுதியாகப் படிக்கும் பள்ளிகளில் ஆய்வு ஒன்று நடந்தது. அதன் முடிவு 2010-இல் வெளிவந்தது. தொடக்க வகுப்புப் பிள்ளைகள் 852 பேர்க்குக் கோடை தொடங்குமுன் ஆளுக்குப் 12 நூல்கள் கொடுத்தார்கள்; தொடர்ந்து மூன்று கோடைகள். பாடம் நடத்தவில்லை, தேர்வு வைக்கவில்லை. நூல்கள் கொடுக்கப்பெறாத பிள்ளைகளைவிட இவர்கள் படிப்புத் திறனில் முன்னேறியிருந்தார்கள். கோடைப் பள்ளிக்குப் போவதால் என்ன பயன் கிடைக்குமோ அதற்கு ஈடான பயன் கிடைத்தது. மிக வறிய வீட்டுப் பிள்ளைகட்கு இன்னும் கூடுதலாகக் கிடைத்தது. இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. அந்தப் பன்னிரண்டையும் ஆசிரியர் பொறுக்கிக் கொடுக்கவில்லை. பரப்பி வைத்த நூற்குவியலிலிருந்து பிள்ளைகளே எடுத்துக்கொண்டார்கள். புகழ்பெற்ற பாட்டுக்காரர்களைப் பற்றிய நூல்களைப் பலர் அள்ளிக்கொண்டார்களாம்! நானாக இருந்திருந்தால் பிடுங்கியிருப்பேன்.

ஆக, குவியலைச் சேர்ப்பது நம் வேலை. எடுப்பது பிள்ளையின் வேலை. என் பட்டியலைக் குவியலுக்கான பட்டியலாகவே கொள்ளுங்கள்.

முதலில் ம. இலெ. தங்கப்பா அவர்களின் "சோளக்கொல்லைப் பொம்மை". பாட்டு நூல். 2011-இல் சாகித்திய அகாதெமியின் சிறுவர் இலக்கியப் பரிசு பெற்றது. தங்கப்பா தென்மொழியில் எழுதியவர். தமிழுணர்வில் நம்மில் எவருக்கும் இளைத்தவர் அல்லர். ஆனால் அவர் பிள்ளைகட்குப் பாடும்போது உணர்வைப் பறையறைவதில்லை. எளிய தமிழில் பாடுகின்றார், பிள்ளைக்கு அது தூய தமிழ் என்றே தெரியாது. தனித்தமிழ் பிள்ளையின் நாவில் ஏறும் வழி இதுதான் என்பது என் துணிபு. பெருஞ்சித்திரனார் பிள்ளைகட்கென்றே "தமிழ்ச்சிட்டு" நடத்தினார்; "பள்ளிப் பறவைகள்" பாடினார். அதுவும் குவியலில் இருக்கட்டும். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் "மலரும் உள்ளம்" நான்காம் ஐந்தாம் வகுப்பிற்கு ஏற்றது. ஏழாம் வகுப்புப் பையன் அதைத் தொட நாணுவான், விட்டுவிடுங்கள்.

ஏழாம் வகுப்பானுக்கு உதயசங்கரின் "ஆதனின் பொம்மை" இருக்கின்றது. 2023-இல் அதே பரிசு பெற்ற புதினம். விடுமுறைக்குக் கீழடிக்கு வரும் சிறுவன் ஒருவன் கையில் பழைய மண்பொம்மை ஒன்று கிடைக்கின்றது. அதன் வழியே அவன் ஈராயிரம் ஆண்டுகட்கும் முற்பட்ட கீழடிக்குள் போய் ஆதன் என்னும் சிறுவனைக் காண்கின்றான். ஆதன் என்னும் பெயர் வெறும் கற்பனை அன்று. கீழடியில் கிடைத்த பானையோட்டிலேயே அப்பெயர் தமிழி எழுத்தில் கீறப்பட்டிருக்கின்றது. இங்கிருந்து மதுரைக்குப் போகும்போது மானாமதுரை, திருப்புவனம் தாண்டினால் கீழடிக்குப் பிரியும் சாலை வந்துவிடும். 2023-இல் அங்கு அருங்காட்சியகம் திறந்தார்கள். நூலைப் படித்த பிள்ளையை ஒருநாள் அங்கே அழைத்துப் போங்கள். அல்லது அங்கே போய்வந்த பிள்ளைக்கு நூலைக் கொடுங்கள். எது முன் எது பின் என்பதில் வேறுபாடு இல்லை.

அடுத்து நான் சொல்லப்போகும் நூலின் பெயரைக் கேட்டு நம் தோழர்கள் முகஞ்சுளிக்கக் கூடும். "டோட்டோ-சான்: சன்னலில் ஒரு சிறுமி". சப்பான் நாட்டுக் குரோயாநாகி என்னும் அம்மையார் 1981-இல் வெளியிட்ட நூலின் தமிழாக்கம். தலைப்பிலேயே போர்த்துக்கீசன் விட்டுச்சென்ற சொல் உட்கார்ந்திருக்கின்றது! பலகணி என்றோ சாளரம் என்றோ போட்டிருக்கலாம். இருந்தும் கொடுப்பேன். சன்னலோரம் நின்று தெருப்பாடகரைக் கூவி அழைத்தாள் என்று முதற்பள்ளியிலிருந்து விலக்கப்பட்ட சிறுமி, தொடர்வண்டிப் பெட்டிகளே வகுப்பறைகளாக உள்ள வேறொரு பள்ளிக்கு வருகின்றாள். அங்கே தலைமையாசிரியர் கோபயாசி, அவள் பேசப் பேச நான்கு மணி நேரம் அமர்ந்து கேட்கின்றார். ஆசிரியப் பெருமக்களே, இதைப் பிள்ளைகட்குக் கொடுக்குமுன் நீங்கள் ஒருமுறை படித்துவிடுங்கள். நான் படித்த அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. என் பணிக்காலம் முழுவதிலும் ஒரு மாணவனின் பேச்சை நான்கு நிமையம் ஒருசேரக் கேட்டிருப்பேனா என்று எண்ணிக்கொண்டு கிடந்தேன்.

கதை பிடிக்காத பிள்ளைகளும் உளர். அவர்களைப் படிக்காத பிள்ளைகள் என்று முத்திரை குத்திவிடுகின்றோம். அவர்கட்குக் கதை வேண்டா, செய்தி வேண்டும். பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு வெளிவந்த "குழந்தைகள் கலைக்களஞ்சியம்" பத்துத் தொகுதிகள், 1968 முதல் 1976 வரை அச்சாயின. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் கிடைக்கின்றன. எந்தப் பக்கத்தையும் திறக்கலாம், எங்கும் நிறுத்தலாம். பழைய நூல் என்பதை மட்டும் பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள். முதல் தொகுதி அச்சான ஆண்டில் நிலவில் மாந்தன் காலே வைக்கவில்லை! அங்கே உள்ள செய்தியில் எது மாறியிருக்கின்றது என்று தேடச் சொன்னால் அதுவே ஒரு விளையாட்டு. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் "துளிர்" இதழ்களும் இத்தகைய பிள்ளைகட்கு ஆகும்.

முதுகுளத்தூர்ப் பக்கம் சித்திரங்குடிக் கண்மாய்க்கு எங்கிருந்தெல்லாமோ பறவைகள் வருகின்றன. 2022-இல் அது உலக அளவில் காக்கத்தக்க ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. க. இரத்தினம் அவர்கள் பறவைகளின் தமிழ்ப் பெயர்களைத் தொகுத்துத் "தமிழில் பறவைப் பெயர்கள்" என்று நூலாக்கியிருக்கின்றார். அதை எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்துக் கண்மாய்க் கரையில் விட்டுப் பாருங்கள்.

ஒரு குறையையும் மறைக்காமல் சொல்கின்றேன். கமுதி அருகே 648 மெகாவாட்டுக் கதிரவ மின் நிலையம் 2016-இல் அமைந்தது. கண்ணுக்கெட்டிய தொலைவுவரை கண்ணாடிப் பலகைகள். "ஐயா, வெயில் எப்படிக் கரண்டு ஆகுது?" என்று ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளை என்னைக் கேட்டாள். அவள் அகவைக்கு ஏற்ப, அவள் பார்க்கும் அப்பலகைகளைக் கொண்டே தமிழில் விளக்கும் சிறுநூலொன்றைத் தேடினேன். என் கைக்குக் கிட்டவில்லை. அறிவியல் பட்டம் பெற்ற தமிழன்பர்கள் இக்கூட்டத்திலேயே நால்வர் இருக்கின்றீர்கள். நூறாவது முறையாக மொழித்தூய்மை பற்றிக் கட்டுரை எழுதுவதை விட்டு, அவளுக்கு முப்பத்திரண்டு பக்கத்தில் ஒரு நூல் எழுதித் தாருங்கள்.

பணம் வேண்டுமே என்கின்றீர்கள். பெரும்பணம் வேண்டா. பள்ளிக் கல்வித்துறை 2022 முதல் நான்காம் ஐந்தாம் வகுப்பிற்கு "ஊஞ்சல்", ஆறு முதல் ஒன்பதுவரை "தேன்சிட்டு" என்று இதழ்கள் வெளியிட்டது. 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம், "நுழை, நட, ஓடு, பற" என்று நான்கு படிகளாகச் சிறுசிறு கதைநூல்களை அச்சிட்டுத் தந்தது. இவை பல பள்ளிகளில் கட்டுப்பிரியாமல் இருக்கக்கூடும். கிழிந்தால் யார் கணக்குச் சொல்வது என்னும் அச்சம் ஆசிரியர்க்கு. கிழியட்டும் என்கின்றேன். கிழிந்த நூல் படிக்கப்பட்ட நூல். கிழியாமல் அழகாக இருந்த ஒரு நூலின் கதையைத்தான் முன்பே சொன்னேனே.

சீர்காழியில் பிறந்த நூலக மேதை அரங்கநாதன், நூல்கள் அடுக்கி வைப்பதற்கு அல்ல, பயன்படுவதற்கே என்பதைத் தம் நூலக நெறிகளுள் முதலாவதாக 1931-இல் வகுத்தார். அதே ஆண்டு மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்னும் அன்பர் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். அதே 1931-இல்தான் நம் இராமேசுவரத்தில் அப்துல் கலாம் பிறந்தார். சிறுவனாக இருந்தபோது, ஊரில் மாணிக்கம் என்பவர் வீட்டிற்குப் போய் நூல்களை இரவல் வாங்கிப் படித்ததையும், அவர் தம்மைப் படிக்கத் தூண்டியதையும் கலாம் தம் வாழ்க்கை வரலாற்றில் நன்றியோடு குறித்திருக்கின்றார். அம் மாணிக்கம் கட்டடம் கட்டவில்லை, பேரவை நிறுவவில்லை. தம் வீட்டுக் கதவைத் திறந்து வைத்தார், அவ்வளவே.

நம் ஊர்களில் ஏழாம் எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளைகளைக் கோடையில் நூலகத்திற்கு அனுப்பமாட்டோம். வெயில் என்போம், தெரு என்போம், வயது என்போம். பையன் மிதிவண்டியில் போய் வருவான். அவள் வீட்டிலிருந்து மிளகாய் வற்றலுக்குக் காம்பு கிள்ளுவாள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் குண்டு மிளகாயின் பெருமையில் அந்தச் சிறுவிரல்களின் எரிச்சலும் கலந்திருக்கின்றது. கிள்ள வேண்டா என்று சொல்ல நான் யார்? வீட்டு நிலை எனக்கும் தெரியும். ஒன்று செய்யலாம். நாலு பேர் அமர்ந்து கிள்ளும் இடத்தில் ஒருத்தியைக் கைகழுவிவிட்டு உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத அப்பத்தாவும் கேட்கட்டும். சென்ற ஆண்டு ஒரு வீட்டில் இப்படி நடந்ததை நான் நேரில் கண்டேன். கதை பாதியில் நின்றபோது, "மிச்சத்தையும் படிடீ" என்று அதட்டியவர் அந்த அப்பத்தாதான்.

பெற்றோரிடம் இன்னும் ஒரு வேண்டுகோள். பிள்ளை ஒரு நூலை முடித்ததும் "இதனால் என்ன தெரிந்துகொண்டாய்?" என்று கேட்காதீர்கள். கட்டுரை எழுதச் சொல்லாதீர்கள். திங்களுக்கு இத்தனை நூல் என்று கணக்கு வைக்காதீர்கள். ஆசிரியர்கள் ஆண்டு முழுவதும் கேட்கும் கேள்வி அது. கோடையிலும் அதுவே துரத்தினால் பிள்ளை எங்கே ஓடும்? கேட்டே ஆகவேண்டுமென்றால், "எந்த இடம் உனக்குச் சிரிப்பாக இருந்தது?" என்று கேளுங்கள். பாதியில் நூலை மூடினால் மூடட்டும். நாம் பாதியில் மூடிய நூல்கள் எத்தனை!

பள்ளியிலிருந்தும் அன்பர்களிடமிருந்தும் திரட்டிய நூல்கள் அறுபத்து மூன்று, மூன்று தகரப் பெட்டிகளில் வெளியே திண்ணையில் இருக்கின்றன. ஒன்று பள்ளிவாசல் தெருவில் இருக்கும். ஒன்று கடைத்தெருவுக்குப் பின்னே உள்ள வீடுகட்கு. ஒன்று கீழைத் தெருவில். பத்து நாளுக்கு ஒருமுறை பெட்டிகள் இடம் மாறும். என் பிழைக்குக் கழுவாயாக, பழைய படக்கதைகள் ஆறினையும் தேடிப்பிடித்து உள்ளே வைத்திருக்கின்றேன். அதில் கொள்ளைக்காரன் பிடிபடுகின்றான். நான் முடிவுவரை படித்துப் பார்த்துவிட்டேன். பெட்டிகளின் திறவுகோல் என்னிடம் இல்லை. அந்தந்தத் தெருவில் எட்டாம் வகுப்பு முடித்த பெண்பிள்ளை ஒருத்தியிடம் கொடுத்திருக்கின்றேன். காலை ஏழு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் திறப்பார்கள். கையெழுத்து வேண்டா, பெயர் சொன்னால் போதும். பட்டியலின் படிகள் மேசைமேல் உள்ளன. போகும்போது ஆளுக்கொன்று எடுத்துச் செல்லுங்கள்.